பழைய பிக்கப்புக்கு ஏர் சஸ்பென்ஷன்... வீட்டிலேயே மாட்டலாமா? - கொங்கு ஏரியா கைடு!

ஆம்னி பஸ் ஆபீஸ் போர்டுல ‘ஏர் பஸ்’னு எழுதியிருக்கிறதைப் பார்த்து, ‘இது பறக்குமா?’னு சின்ன வயசுல கேட்டவங்க நம்மில் நிறைய பேர். பறக்காது. ஆனா, காத்து மேல உட்கார்ந்து போகும். பஸ்ஸோட ஆக்ஸிலுக்கும் சேஸிக்கும் நடுவுல இரும்புப் பட்டைக்குப் பதிலா, தடிமனான ரப்பர் பைகள். அதுக்குள்ள அழுத்தமா அடைச்ச காத்து. ஸ்டாப்ல நிக்கும்போது ‘புஸ்ஸ்’னு ஒரு சத்தம் வருமே... அதுல பாதி பிரேக்கோடது, பாதி இந்தப் பைகளோடது. சென்னையில 2024-ல் ஓட ஆரம்பிச்ச தாழ்தள பஸ், ஸ்டாப்புல ஒரு பக்கமா மண்டி போட்டு, வயசானவங்களை ஏத்திக்குதே, அதுவும் இந்த டெக்னாலஜிதான்.

இப்ப அதே விஷயம் ரீல்ஸ் வழியா நம்ம தோட்டத்துச் சாளை வரைக்கும் வந்திருச்சு. அமெரிக்காவுல 1960-கள்ல வந்த செவர்லே சி-10 பிக்கப். ஒரு பட்டனை அழுத்தினா தரையோட தரையா படுத்துக்குது, இன்னொரு பட்டனுக்கு எந்திரிக்குது. பார்த்ததும், ‘தாத்தாவோட மஹிந்திரா ஜீப் பிக்கப் சும்மாதானே நிக்குது’, ‘அப்பா வாங்கின டாடா 206 இருக்கே’னு கை அரிக்கும். அரிக்கணும். கோயம்புத்தூர்ல பொறந்துட்டு ஸ்பேனர் மேல ஆசை இல்லைன்னா எப்படி? ஆனா, அந்த ரீல்ல காட்டாத சில விஷயங்கள் இருக்கு. அதுல ஒண்ணு உங்க பிரேக் சம்பந்தப்பட்டது.

பைக்குள்ள என்ன நடக்குது?

கணக்கு ரொம்ப சிம்பிள். ஒரு பையோட வேலை செய்யும் விட்டம் 15 செ.மீ-னு வெச்சுக்கங்க. பரப்பளவு சுமார் 177 சதுர செ.மீ. அந்தப் பை 300 கிலோவைத் தாங்கணும்னா, சதுர செ.மீ-க்கு 1.7 கிலோ அழுத்தம் வேணும். டயர் கடை பாஷையில சொன்னா 24 பி.எஸ்.ஐ. சுமை 600 கிலோ ஆனா 48 பி.எஸ்.ஐ. அவ்வளவுதான். கார் டயருக்கு அடிக்கிற காத்து ரேஞ்சுலயே ஒரு பிக்கப்போட பின்பக்கத்தைத் தூக்கிடலாம்.

இதுல ஒரு அழகு இருக்கு. கமான் பட்டையை முழு லோடுக்குன்னே கெட்டியா செய்வாங்க. அதனாலதான் பொள்ளாச்சியில தேங்காய் ஏத்திட்டுப் போகும்போது சாதுவா போற பிக்கப், காலியா திரும்பும்போது குதிச்சுக் குதிச்சு உங்க முதுகெலும்பை எண்ணுது. காத்துப் பையில அந்தப் பிரச்னை இல்லை. லோடு கூடும்போது அதே உயரத்துக்கு நீங்க காத்தைக் கூட்டுறீங்க. அழுத்தம் கூடக்கூட பையோட விறைப்பும் ஏறக்குறைய அதே விகிதத்துல கூடுது. லோடு இறங்கினதும் காத்தைக் குறைச்சா, பை மெத்துனு ஆகிடுது. அதனால காலி வண்டியும் லோடு வண்டியும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஆடும். பஸ்காரங்க இதுக்கு மாறினதுக்கு முக்கியமான காரணமே இதுதான். அமெரிக்காவுல 1950-கள்லயே நெடுந்தூர பஸ்கள் காத்து மேல ஓட ஆரம்பிச்சாச்சு. 1957-ல காடிலாக் தன்னோட விலை உயர்ந்த எல்டொராடோ ப்ரோம் கார்ல இதை வெச்சது. காத்து கசிஞ்சு, வாங்கினவங்கள்ல பல பேர் அதைக் கழட்டிட்டு சாதாரண காயில் ஸ்பிரிங்குக்கே மாறினாங்க. கசிவு அப்பவும் வில்லன், இப்பவும் வில்லன்.

சி-10 வேற, நம்ம வண்டி வேற

ரீல்ஸ்ல வர்ற அந்த செவர்லே சி-10 ஏன் இவ்வளவு பாப்புலர் தெரியுமா? அதுல பெரும்பாலான மாடல்களுக்குப் பின்பக்கம் காயில் ஸ்பிரிங். ஆக்ஸிலைப் பிடிச்சுக்கிறதுக்குத் தனியா நீளமான ஆர்ம் இருக்கு. காயிலைக் கழட்டி, அதே இடத்துல பையை வெச்சா பாதி வேலை முடிஞ்சது.

நம்ம ஊர்ப் பழைய பிக்கப்புகள் அப்படி இல்லை. வில்லிஸ் வழியில வந்த மஹிந்திரா ஜீப்புகளுக்கு நாலு மூலையிலும் கமான் பட்டை. 1988-ல் வந்த டாடா மொபைல் 206-க்கும் பின்னாடி பட்டைதான். இந்தப் பட்டை வெறும் ஸ்பிரிங் மட்டும் இல்லைங்க. ஆக்ஸிலை முன்ன பின்ன, பக்கவாட்டுல நகராம பிடிச்சுக்கிறதும் அதேதான். பிரேக் அடிக்கும்போது ஆக்ஸில் சுத்திக்காம தடுக்கிறதும் அதேதான். பட்டையைக் கழட்டிட்டு வெறும் பையை வெச்சீங்கன்னா, ஆக்ஸிலைப் பிடிக்க ஆளே இல்லை. பைக்கு மேல கீழ போகத்தான் தெரியும். பிடிச்சு நிறுத்தத் தெரியாது.

ஆக, உங்க முன்னாடி ரெண்டு வழி. முதல் வழி, பட்டையை முழுசா எடுத்துட்டு நாலு லிங்க் ராடு, பக்கவாட்டு ஆட்டத்துக்கு ஒரு பேன்ஹார்ட் ராடு, புது பிராக்கெட்டுகள், வண்டி கீழ இறங்கும்போது ஆக்ஸில் இடிக்காம இருக்க சேஸியில அரைவட்டமா ஒரு வெட்டு... இப்படி முழு ஆபரேஷன். ரெண்டாவது வழி, பட்டையை அப்படியே விட்டுட்டு, அதுக்குத் துணையா சேஸிக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவுல ஒரு பை. ‘ஹெல்ப்பர் பை’னு சொல்வாங்க.

வீட்டுல செய்யறதா இருந்தா ரெண்டாவது மட்டும்தான். இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது. லிங்க் ராடு எந்தக் கோணத்துல உட்காரணும்ங்கிறது வண்டி வளைவுல எப்படித் திரும்பும், பிரேக்குக்கு எப்படி நிக்கும்னு முடிவு பண்ணுற விஷயம். ஒரு வெல்டிங் விட்டுப்போச்சுன்னா ஆக்ஸிலே தனியா போயிடும். ஆழியாறுல இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70. யூடியூப் பார்த்து அடிச்ச வெல்டிங்கை அங்கே டெஸ்ட் பண்ண வேண்டாம். ஹெல்ப்பர் பையில தரையோட படுக்குற சீன் கிடைக்காது, உண்மைதான். ஆனா, லோடு ஏத்தினா பின்னாடி தொங்காத, மட்டமா நிக்கிற வண்டி கிடைக்கும். பிடிக்கலைன்னா நட்டைக் கழட்டிட்டுப் பழையபடி ஆக்கிக்கலாம்.

ஸ்பேனருக்கு முன்னாடி ஆர்.சி புக்!

ஆர்.சி-யில இருக்கிற, கம்பெனி குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுனு மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-வது பிரிவு சொல்லுது. கேரளாவுல இருந்து போன ஒரு வழக்குல, 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தப்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொண்ணுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாசம் வரை சிறை, அல்லது ரெண்டும். சேஸியை வெட்டுற வேலை சந்தேகமே இல்லாம இதுக்குள்ள வரும். போல்ட் போட்டு மாட்டுற ஹெல்ப்பர் பைக்கும், உங்க ஏரியா ஆர்.டி.ஓ ஆபீஸ்ல எழுத்துமூலமா கேட்டு, பதில் வாங்கிட்டு ஆரம்பிக்கிறதுதான் புத்திசாலித்தனம். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லணும். விபத்து நடந்த பிறகு, ‘இதை ஏன் சொல்லலை’னு அவங்க கேட்டா பதில் இருக்காது.

தாத்தா காலத்து வண்டின்னா இன்னொரு கணக்கும் இருக்கு. 50 வயசு தாண்டின, வியாபாரத்துக்கு ஓடாத வண்டிகளை ‘வின்டேஜ்’னு பதிவு பண்ண 2021-ல் விதி வந்திருக்கு. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், நம்பர் பிளேட்ல ‘வி.ஏ’னு எழுத்து வரும். தினமும் ஓட்ட முடியாது. கண்காட்சி, ரேலி மாதிரி விஷயங்களுக்குத்தான். நிபந்தனை என்னன்னா, வண்டி ஒரிஜினல் வடிவத்துல இருக்கணும். சேஸி, பாடி, இன்ஜின்ல பெரிய மாற்றம் கூடாது. கோவை அவிநாசி ரோட்டுல இருக்கிற ஜி.டி கார் மியூஸியத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்க. வண்டிகளை அதுஅது வந்த வடிவத்துல வெச்சிருக்கிறதோட மதிப்பு அங்கே புரியும். அந்த மாதிரி ஒரு வண்டி உங்க வீட்டுல இருந்தா, சேஸியில கட்டிங் வீலை வெக்கிற முன்னாடி ரெண்டு நாள் தூங்கி எந்திரிச்சு யோசிங்க.

என்னென்ன வேணும்?

ரெண்டு பை, மேல கீழ பிராக்கெட், ஏர் லைன், கேஜ். மினிமம் செட் அப் இவ்வளவுதான். காத்தை டயர் கடையிலயோ, வீட்டு சைக்கிள் பம்புலயோகூட அடிச்சுக்கலாம். ஹெல்ப்பர் பைக்குத் தேவைப்படுற காத்து ரொம்பக் கம்மி. முதல் முறை செய்யறவங்க இந்த அளவோட நிறுத்திக்கிட்டா, கசியற இடமும் கம்மி, எரியற வயரும் கம்மி.

ஓடும்போதே ஏத்தி இறக்கணும்னா 12 வோல்ட் கம்ப்ரஸர், டேங்க், பிரஷர் சுவிட்ச், ரிலே, வால்வுகள் எல்லாம் சேரும். கம்ப்ரஸர்னாலே உலகம் கோயம்புத்தூர் பக்கம் திரும்பிப் பார்க்கும். எல்ஜி 1960-ல் ஆரம்பிச்சது இங்கேதான். ஆனா ஒர்க் ஷாப் கம்ப்ரஸரை வண்டியில ஏத்த முடியாது. இதுக்குன்னு வர்ற கையடக்க 12 வோல்ட் மாடல்தான் வேணும்.

டேங்க் விஷயத்துல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பழைய கேஸ் சிலிண்டர், உக்கடத்துல எடைக்கு வாங்கின துருப்பிடிச்ச லாரி டேங்க் இதெல்லாம் கூடவே கூடாது. ஏன்னு ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. 20 செ.மீ விட்டமுள்ள டேங்க்கோட மூடி. பரப்பு 314 சதுர செ.மீ. உள்ளே 10 பார் அழுத்தம் இருந்தா, அந்த மூடியைத் தள்ளுற விசை 3 டன்னுக்கு மேல! அழுத்தம் அச்சடிச்சு வர்ற புது டேங்க் வாங்கி, அதுல சேஃப்டி வால்வும், அடியில தண்ணி வடிக்கிற திருகும் கண்டிப்பா போடுங்க.

பிராக்கெட்டை நீங்களே அறுக்கத் தேவையில்லை. அட்டையில வெட்டி, வண்டிக்கு அடியில வெச்சுப் பார்த்து, அளவு சரியானதும் மில்லிமீட்டர்ல வரைஞ்சு, குறிச்சி சிட்கோ பக்கமோ கணபதி பக்கமோ கொண்டுபோங்க. லேசர் கட்டிங், பெண்டிங் எல்லாம் அரை நாள் வேலை. 6 மி.மீ-க்குக் குறையாத தகடு. இந்த வசதி வேற எத்தனை ஊர்ல வாசலுக்குப் பக்கத்துல கிடைக்கும்?

மாட்டுற வேலை

முதல்ல வண்டியை மட்டமான தரையில நிறுத்தி, நாலு மூலையிலும் வீல் ஆர்ச் உயரத்தை அளந்து எழுதி வெச்சுக்கங்க. காலியா ஒரு தடவை, வழக்கமான லோடோட ஒரு தடவை. இதைச் செய்யாம ஆரம்பிச்சா, கடைசியில என்ன மாறிச்சுன்னே தெரியாது. அப்புறம் ஒரு சுத்தியலை எடுத்துக்கிட்டு சேஸி முழுக்கத் தட்டிப் பாருங்க. ‘டங்’னு கேட்டா சரி. ‘பொத்’னு கேட்டா உள்ளே துரு. அப்படின்னா பை, பிராக்கெட் எல்லாம் அப்புறம். முதல்ல சேஸி வேலை.

முன் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை. பின்பக்கத்தை ஜாக்கியில தூக்கி, சேஸிக்கு அடியில ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில படுக்கவே கூடாது. பை மாட்டினதுக்கு அப்புறமும் இதே விதிதான். காத்து மேல நிக்கிற வண்டிக்கு அடியில ஒருத்தரும் போகக் கூடாது. லைன் பிடுங்கினா, வண்டி இறங்குறதுக்கு உங்ககிட்ட சொல்லிட்டு இறங்காது.

பை உட்காருற இடம் பெரும்பாலும் பழைய ரப்பர் ஸ்டாப்பர் இருந்த இடம்தான். ஸ்டாப்பரை எடுக்கிற டிசைன்னா, பைக்குள்ளயே ஸ்டாப்பர் இருக்கிற மாடலா வாங்குங்க. இல்லைன்னா காத்து போன அன்னிக்கு இரும்பும் இரும்பும் இடிச்சுக்கும். பை முழுசா ஊதின நிலையில சுத்தியும் ஒரு விரல் அகலத்துக்காவது இடைவெளி வேணும். டயர், பிரேக் பைப், பட்டை கிளாம்ப் எதுவும் உரசக் கூடாது. சைலன்ஸர் பைப் பக்கத்துல போகுதுன்னா நடுவுல ஒரு தகடு மறைப்பு. ரப்பரை உரசலும் சூடும் தின்னுற அளவுக்கு லோடுகூட தின்னாது.

சேஸியில ஓட்டை போட்டே ஆகணும்னா, நிக்கிற நடுத்தகட்டுல மட்டும் போடுங்க. மேல் விளிம்பு, கீழ் விளிம்புல போடாதீங்க. சேஸி வளையும்போது பாரம் முழுக்க அந்த விளிம்புலதான் இருக்கும். விரிசல் அங்கே இருந்துதான் கிளம்பும். எங்கேயாவது வெல்டிங் வெச்சா, முதல்ல பேட்டரி டெர்மினலைக் கழட்டுங்க.

ஷாக் அப்ஸார்பரை மறந்துடாதீங்க. பை தூக்கும், அவ்வளவுதான். ஆட்டத்தை அடக்குறது ஷாக்தான். வண்டியை முழுசா தொங்கவிட்டு, பை இழுபடுறதுக்கு முன்னாடி ஷாக்கோ, பிரேக் ஹோஸோ இழுபடுதானு பாருங்க. இழுபட்டா நீளமான ஹோஸ் போடணும்.

அந்த பிரேக் விஷயம்!

சில பிக்கப்புகள்ல பின் ஆக்ஸிலுக்குப் பக்கத்துல ஒரு சின்ன கம்பி, ஒரு வால்வோட சேர்ந்திருக்கும். லோடு சென்ஸிங் வால்வ். பின்பக்கம் எவ்வளவு இறங்கியிருக்குனு பார்த்து, ‘ஓ, லோடு இருக்கு’னு புரிஞ்சுக்கிட்டு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். வண்டி உயரமா இருந்தா, ‘காலி வண்டி’னு நினைச்சு குறைக்கும். காலியா போகும்போது பின் சக்கரம் பூட்டிக்கிட்டு வண்டி சுத்தாம இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

இப்ப நீங்க ஒரு டன் லோடு ஏத்திட்டு, பையில காத்தடிச்சு வண்டியை மட்டமா தூக்கிட்டீங்க. வால்வுக்கு அது தெரியுமா? உயரத்தைப் பார்த்து, வண்டி காலினு முடிவு பண்ணிடும். முழு லோடுல, மலையிறக்கத்துல, உங்க பின் பிரேக் பாதி வேலைதான் செய்யும். வண்டி பார்க்க கம்பீரமா இருக்கும், நிக்கத்தான் யோசிக்கும். அடியில குனிஞ்சு பார்த்து இந்த வால்வ் இருக்கான்னு முதல்ல உறுதி பண்ணிக்கங்க. இருந்தா, காத்தை முழு உயரத்துக்கு அடிக்காதீங்க. அதை எப்படி செட் பண்ணணும்னு பிரேக் வேலை மட்டுமே பார்க்கிற ஒரு ஒர்க் ஷாப்ல கேட்டுச் செய்யுங்க. பழைய ஜீப்புகள்ல பொதுவா இந்தத் தலைவலி இல்லை.

கூடவே இதையும் எழுதி வெச்சுக்கங்க. பை மாட்டினதால வண்டியோட லோடு கெப்பாஸிட்டி ஒரு கிலோகூட கூடாது. ஆக்ஸில், பேரிங், டயர், பிரேக் எல்லாம் பழசுதான். பின்னாடி தொங்காததால ‘இன்னும் பத்து மூட்டை போடலாமே’னு தோணும். ஆர்.சி-யில என்ன இருக்கோ அதுதான்.

லைனும் வயரும்

ஏர் ஹோஸைக் கட்டிங் பிளேயர்ல வெட்டாதீங்க. வாய் நசுங்கி ஃபிட்டிங்ல சரியா உட்காராம கசியும். புது பிளேடால நேரா, ஒரே வெட்டு. இடது பைக்கும் வலது பைக்கும் தனித்தனி லைன். ஒரே ‘டி’ போட்டு ரெண்டையும் சேர்த்தா, வளைவுல திரும்பும்போது அமுங்குற பக்கத்துக் காத்து மறுபக்கம் ஓடிடும். வண்டி இன்னும் சாயும். பத்தாவது வளைவுலயே உங்களுக்கு வேர்த்துடும்.

கம்ப்ரஸர் வெச்சா, அது 20-லேருந்து 30 ஆம்பியர் வரைக்கும் இழுக்கும். பழைய வண்டியோட ஆல்டர்னேட்டருக்கு அது பெரிய வேலை. டேஷ்போர்டு சுவிட்ச்சுல இருந்து நேரா வயர் இழுத்தா சுவிட்ச் உருகும். பேட்டரியில இருந்து தடிமனான வயர், பேட்டரிக்குப் பக்கத்துலயே ஃபியூஸ், அப்புறம் ரிலே. சுவிட்ச் ரிலேவை மட்டும் தட்டினா போதும். ரொம்பப் பழைய வில்லிஸ் வகை ஜீப்புகள்ல 6 வோல்ட் சிஸ்டமும் உண்டு. கம்ப்ரஸர் வாங்குறதுக்கு முன்னாடி பேட்டரியைப் பாருங்க. 20 லிட்டர் டேங்க்கை 10 பாருக்கு நிரப்ப, வெளிக் காத்து 200 லிட்டர் வேணும். நிமிஷத்துக்கு 40 லிட்டர் கம்ப்ரஸர்னா கணக்குப்படி 5 நிமிஷம். அழுத்தம் ஏற ஏற அது மூச்சு வாங்கும், அதனால நிஜத்துல கூடவே ஆகும். சின்ன கம்ப்ரஸர்கள் தொடர்ந்து ஓடினா சூடாகி நின்னுடும். கம்பெனி சொன்ன நேரத்துக்கு மேல ஓட்டாதீங்க.

டெஸ்ட்

எல்லா ஜாயின்ட்டுலயும் சோப்புத் தண்ணி தடவுங்க. முட்டை விட்டா கசிவு. அது போதாது. சாயங்காலம் கேஜ்ல இருக்கிற அழுத்தத்தை எழுதி வெச்சுட்டு, மறுநாள் காலையில பாருங்க. ராத்திரி குளிருக்கு ஒண்ணு ரெண்டு பி.எஸ்.ஐ இறங்குறது சகஜம். பாதியா இறங்கியிருந்தா மறுபடி சோப்புத் தண்ணி.

முதல் நாளே லோடு ஏத்தாம, ஊருக்குள்ள வேகத்தடை இருக்கிற ரோட்டுல மெதுவா ஒரு ரவுண்டு. 100 கிலோமீட்டர் ஓடினதும் எல்லா நட்டையும் ஒருமுறை டைட் வையுங்க. 500-ல இன்னொரு முறை. பின்பக்க உயரம் மாறினா ஹெட்லைட் வெளிச்சமும் மாறும். எதிர்ல வர்ற டூவீலர்காரர் கண்ணைக் கூசவைக்காம, சுவத்துல அடிச்சுப் பார்த்து இறக்கிக்கங்க. டேங்க் இருந்தா வாரம் ஒரு தடவை அடித் திருகைத் திறந்து தண்ணியை வடிக்கணும். ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்துல ரெண்டு நாளைக்கு ஒரு தடவை பாருங்க. அந்தத் தண்ணிதான் வால்வுக்குள்ள போய் துருவாகுது.

காலி வண்டியிலயும் பையில 5 பி.எஸ்.ஐ-யாவது இருக்கட்டும். சுத்தமா காத்தில்லாம ஓட்டினா, ரப்பர் மடிஞ்சு மடிஞ்சு கிள்ளி ஓட்டை விழும். அதிகபட்சம் பையிலயே அச்சடிச்சிருக்கும். நிறைய ஹெல்ப்பர் பைகளுக்கு அது 100.

ஒருவேளை நடு ரோட்டுல பை வெடிச்சுட்டா? ஹெல்ப்பர் பைன்னா ஒண்ணும் ஆகாது. ஓரங்கட்டி, மறுபக்கப் பையிலயும் காத்தை 5 பி.எஸ்.ஐ-க்கு இறக்கி, ரெண்டு பக்கமும் சமமாக்கி, லோடைக் குறைச்சுக்கிட்டு, பழைய பட்டை மேலயே மெதுவா வீட்டுக்கு வந்துடலாம். பட்டையைக் கழட்டினவர், ரெக்கவரி வண்டிக்கு போன் போட்டுட்டுப் பக்கத்து டீக்கடையில உட்கார வேண்டியதுதான்.